தொண்ணூற்றைந்திற்குக் குறையாமல்

பிப்ரவரி 1, ஞாயிறு

அப்பாவுக்கு நாளை மறுநாள் வலது கண்ணில் புரை அறுவை சிகிச்சை. இரண்டு வாரம் கழித்து இடது கண். ஆறு வாரம் குனியக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. மருத்துவர் சொன்ன முதல் இரண்டுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தவர், மூன்றாவதைக் கேட்டதும் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

"அப்ப என் வண்டிய யாருங்க ஓட்டறது?"

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்தேன். முடிவாகிவிட்டது.

வண்டி சிவப்பு நிறம். ஜப்பானில் பிறந்து இருபது வருடம் ஆகிறது. இரண்டே இருக்கை. பீளமேட்டில் முப்பத்தைந்து வருடம் பம்ப் மோட்டார் பட்டறை நடத்திய அப்பா, போன தீபாவளியோடு அதை மூடிவிட்டு, பெங்களூர்க்காரர் ஒருவரிடமிருந்து இதை வாங்கி வந்தார். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இது காரா, செருப்பா?" என்றாள். இரண்டு இருக்கை என்று தெரிந்ததும், "மூணு பேரு இருக்கற ஊட்டுக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். இதுவரை அதில் ஏறவில்லை.

எனக்கு அப்பா கொடுத்த கட்டளைகள்: ஞாயிறுதோறும் வண்டியை வெளியே எடுக்க வேண்டும். அவர் பக்கத்தில் உட்காருவார். வேகத்தடையில் சாய்வாகத்தான் ஏற வேண்டும், இல்லையென்றால் வயிறு உரசும். பெட்ரோல் பிரீமியம் மட்டும். டேங்க் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தாளை என்னை வாய்விட்டுப் படிக்க வைத்தார். ஆக்டேன் தொண்ணூற்றைந்திற்குக் குறையாமல்.

"சாதா பெட்ரோல் தொண்ணூத்தொண்ணு. அதப் போட்டீன்னா எனக்கு ஒரு கிலோமீட்டர்ல தெரிஞ்சுரும் சாமி. கண்ணக் கட்டிவுட்டாலும் காது இருக்குது."

அவர் அப்படிச் சொல்வதில் நியாயம் உண்டு. ஓடும் மோட்டாரின் மேல் திருப்புளியின் முனையை வைத்து, அதன் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, எந்த பேரிங் எத்தனை மாதத்தில் போகும் என்று சொல்லிவிடுவார். கோயம்புத்தூரில் பாதிப்பேருக்கு அந்தக் காதைத் தெரியும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மூன்று வகைச் சொட்டு மருந்து, மூன்று வகை நேரம். குளிர்பதனப் பெட்டியின் கதவில் அட்டவணை ஒட்டினேன். பெரிய கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எந்தக் கட்சியிலும் சேராத அரசியல்வாதி மாதிரி கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இதை எழுதத்தான் வேண்டுமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். நடந்தது எதையும் பதிவு செய்யாமல் விட முடியாது.

அவினாசி ரோட்டில் எங்கள் வழக்கமான பங்க். ரிசர்வ் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் இறங்கி மூடியைத் திறந்து நின்றேன். பின்னால் ஏழெட்டு பைக்குகள். பெட்ரோல் போடும் ரங்கநாயகி அக்கா பிரீமியம் குழாயில் தொங்கிய அட்டையைக் காட்டினார்.

"பிரீமியம் தீந்துருச்சுங் அம்மிணி. சாயங்காலந்தான் லோடு வரும். சாதா போட்டரட்டுங்களா?"

பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். நான் தலையசைத்தேன்.

"இருவது லிட்டர் போட்டரட்டுங்களா?"

மறுபடி தலையசைத்தேன்.

அந்நியர்கள் முன்னால் பேசுவதற்குப் பதில் தலையசைப்பது என் இருபத்தெட்டு வருடப் பழக்கம். இதுவரை அதனால் பெரிய சேதம் எதுவும் வந்ததில்லை.

வண்டியில் ஏறியதும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். சாவியைத் திருப்பினேன். சாலைக்கு வந்தேன். வாயைத் திறந்தேன். அப்பா கையை உயர்த்தினார்.

"கேளு! கேட்டியா? தொண்ணூத்தஞ்சு உள்ள போனதும் இஞ்சின் பேச்சே மாறிப்போச்சு. பட்டு சாமி, பட்டு."

வாயை மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

நூலகத்தில் கூட்டமில்லை. எந்திரவியல் அலமாரியில் எரிபொருள் பற்றி இரண்டு நூல்கள் எடுத்தேன். கல்லூரியில் யாரும் 2011க்குப் பிறகு அவற்றைத் தொடவில்லை.

ஆக்டேன் என்பது சக்தி என்று நினைத்திருந்தேன். இல்லை. அது பொறுமை. அழுத்தம் கூடும்போது, நேரம் வருவதற்கு முன்பே தானாக வெடித்துவிடாமல் இருக்கும் குணம். இந்தக் கணக்கில் அம்மா தொண்ணூற்றொன்று. அப்பா எண்பத்தேழு. நான் நூற்றைத் தாண்டுவேன்.

பொறுமை குறைந்த பெட்ரோலை அழுத்தம் மிகுந்த இஞ்சினில் போட்டு மேடு ஏறினால் உள்ளே 'நாக்கிங்' வருமாம். தட்டுகிற சத்தம். தொடர்ந்தால் பிஸ்டனுக்கு ஆபத்து. புது வண்டிகள் தாமாகச் சமாளித்துக்கொள்ளும். நம்முடையதில் அந்த சென்சார் செத்து வெகுநாளாகிறது என்று பெங்களூர்க்காரரே சொல்லியிருந்தார். சமதளத்தில் மெதுவாகப் போனால் தெரியாதாம்.

ஆக, அப்பாவின் காதில் பிழையில்லை. சாலையில் மேடில்லை. அவ்வளவுதான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

பொள்ளாச்சி ரோட்டில் கிணத்துக்கடவு வரை போய் வந்தோம். வண்டி ஓட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஓரிடத்தில் தவறுதலாகத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகம் வந்துவிட்டது. இன்னொரு இடத்திலும்.

மதியம் ஆறுச்சாமி மாமா சாத்துக்குடியோடு வந்தார். அப்பாவின் பால்ய நண்பர். கணபதியில் மோட்டார் ஆலை வைத்திருக்கிறார்.

"நாப்பது மோட்டார் நிக்குது மாப்ள. நீ வந்து காது வெச்சு சரின்னாத்தான் லாரி ஏத்துவேன்."

"மெசினு வாங்கி வெச்சிருக்கறயல்ல, அதுல பாக்கறது."

"மெசினு நம்பரச் சொல்லும். நீ விசயத்தச் சொல்லுவ."

அப்பாவின் முகம் விளக்கு போட்டதுபோல் ஆனது. மார்ச் பதினாறு, திங்கட்கிழமை என்று பேசி முடிவானது. பிறகு அப்பா, தொண்ணூற்றைந்து போட்டதிலிருந்து வண்டியின் சத்தம் மாறிய கதையை நடித்தே காட்டினார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு டம்ளர் கை தவறி விழுந்தது. பெரிய சத்தம். அம்மா ஓடி வந்தாள், மாமா எட்டிப் பார்த்தார். அப்பா கதையை நிறுத்தவில்லை.

பிப்ரவரி 18, புதன்

நேற்று இடது கண்ணும் முடிந்தது. சொட்டு மருந்துகள் ஆறாகிவிட்டன. அப்பா தொலைக்காட்சியைப் பார்க்கக் கூடாது என்பதால் கேட்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்கிறார்கள்.

"கண்ணு தெரியாதவங்களுக்குக் காதுக்குக் கொஞ்சம் சத்தம் சேத்தி வேணுமாமா," என்று அம்மா விளக்கம் சொன்னாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

சும்மா உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு அம்மா ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். குக்கர் மூன்று விசில் அடித்ததும் குரல் கொடுக்க வேண்டும். மூன்று நாளாகச் சாதம் குழைந்து களியாகிவிடுகிறது. கேஸ்கெட்டில் கோளாறு என்று அப்பா கண்டுபிடித்திருக்கிறார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

பங்கில் இன்று பிரீமியம் இருந்தது. மனிதர்களை எப்படியெல்லாம் ஒரு பொய் ஓட்டும் என்பது பற்றி எத்தனையோ புத்தகங்கள் படித்திருக்கிறேன். எதிலும் இந்த இடம் வரவில்லை.

இன்று பிரீமியம் போட்டால் வண்டியின் ஓட்டம் உண்மையாகவே மாறும். அப்பா உடனே, "இது என்ன, இன்னிக்கு இன்னும் நல்லா இருக்குது? அப்ப போனதடவ என்ன போட்ட?" என்று கேட்பார். அந்தக் காதுக்கு அது போதும். எனவே பிடிபடாமலிருக்க ஒரே வழி, மறுபடியும் சாதா.

நான் சாதா குழாயைக் கண்ணால் காட்டினேன். ரங்கநாயகி அக்கா புருவத்தை உயர்த்தினார்.

"அப்பா பிரீமியந்தான் போடோணும்னு சொல்லுவாருங்களே அம்மிணி?"

நான் கறுப்புக் கண்ணாடிக்குள் இருக்கும் அப்பாவைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, இருபது லிட்டர் சாதாவைப் போட்டு முடித்து, ஜன்னலருகே குனிந்து, பங்க் முழுக்கக் கேட்கும்படி, "பிரீமியம் போட்டாச்சுங் சார்!" என்றார்.

எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டார். கேட்காமலே.

மார்ச் 1, ஞாயிறு

கண் நல்லபடியாக ஆனதற்கு மருதமலைக்குப் போக வேண்டும் என்று அம்மாவின் உத்தரவு. அவள் பேருந்தில் முன்னால் போய்விட்டாள். செருப்பில் ஏறமாட்டாளாம்.

மலை ஏறும் சாலை நீளமில்லை. ஆனால் செங்குத்து. இரண்டாவது வளைவில் முருகனை வேண்டிக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்தேன். முன்னால் இஞ்சினுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. தகர டப்பாவில் கொத்தமல்லி விதையைப் போட்டுக் குலுக்குவதுபோல. நின்றது. மிதித்தேன். மறுபடி.

எரிபொருள் நூலின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் அப்படியே கேட்டது. பிடிபட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வளைவில் கண்ணை மூடக் கூடாது என்பதால் உடனே திறந்தேன்.

அப்பா இருக்கையில் சாய்ந்து, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"வெண்ணெ மாதிரிப் போகுது பாத்தியா! சாதா போட்டிருந்தா இந்நேரம் தட்டும் சாமி. டக்கு டக்குன்னு. எனக்கு முதுகுத்தண்டுல தெரியும்."

டப்பா குலுங்கிக்கொண்டே இருந்தது. உச்சி வரை.

தப்பித்துவிட்டேன். மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். கோயிலில் கொடுத்த பொங்கலை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 2, திங்கள்

கேஸ்கெட்டை மாற்றியாகிவிட்டது. சாதம் குழைந்தது.

மார்ச் 5, வியாழன்

அப்பாவின் பின்னால் நாலடி தள்ளி நின்று, "அப்பா" என்றேன். திரும்பவில்லை. "அப்பா, வண்டிக்கு சாதாதான் போட்டேன்," என்றேன். சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதமாகச் சொல்லத் தவித்ததைச் சொல்லிவிட்டேன். கேட்டவர் யாருமில்லை. இதைவிட வசதியான பாவமன்னிப்பு கிடைக்காது. அறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அம்மா, அப்பாவுக்குக் கொஞ்ச நாளா நாம சொல்றது கேக்கறதில்லயோ?"

"நாஞ் சொல்றது முப்பது வருசமாக் கேக்கறதில்ல. உனக்கு இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்?"

கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே சொன்னாள். "பதினாறாந் தேதி கணபதிக்குப் போறாரு. நாலு ஊட்டுப் பட்டறைக்காரங்களும் வருவாங்க. வேண்டாம்னு நாஞ் சொன்னா, கண்ணும் போச்சு காதும் போச்சுங்கறயான்னு சண்டைக்கு வருவாரு. நீ சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பாரு."

அம்மா பேசியதில் 'கேப்பாரு' என்ற சொல்லை இருவருமே கவனித்தோம். யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

சூலூர் வரை போய் வந்தோம். நேரான சாலை. நேராகப் பேச ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். வழியில் மூன்று முறை ஆரம்பித்தேன். மூன்று முறையும் அப்பா, கணபதியில் நாற்பது மோட்டாரையும் எந்த வரிசையில் கேட்பார் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் சரி என்று சொல்லும் மோட்டார்கள் யாரோ ஒருவருடைய கிணற்றுக்குள் இறங்கும். கெட்டுப்போனால் தோட்டம் காயும். அதையும் யோசிக்கிறேன். ஆனால் அதைவிட அதிகமாக, ஆறுச்சாமி மாமா நீட்டும் திருப்புளியை அப்பா காதில் வைத்துக்கொண்டு, எதுவும் கேட்காமல் தலையாட்டுவது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. தலையாட்டுவதைப் பற்றி எனக்குத் தெரியும்.

மார்ச் 13, வெள்ளி

அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி. வீட்டைச் சுற்றி வந்து மின்விசிறியில் இருந்த ஒட்டடையைக் கண்டுபிடித்தார். குளியலறையில் மூன்று விரிசல்களைக் கண்டுபிடித்தார். பிறகு அம்மாவைக் கண்டுபிடித்தார்.

"ஏனுங்க, அப்படிப் பாக்கறீங்க?"

"நீ எப்பப் புள்ள இத்தன நரச்ச?"

இரவு எங்களுக்கு உப்புமாதான்.

மார்ச் 15, ஞாயிறு

நாளை கணபதி. இன்றுதான் கடைசி நாள்.

காலையில் நானே பங்குக்குப் போய் சாதா போட்டு வந்தேன். இந்த முறை பிடிபடுவதற்காகவே. என் வாயால் முடியாததை இஞ்சின் சொல்லட்டும் என்று யோசனை. மேடு ஏறும்போது இன்று கொஞ்சம் சத்தமாகத் தட்டினால், அவர் கொஞ்சம் கவனித்துக் கேட்டால், ஒருவேளை என் பயமெல்லாம் பொய்யாகிவிடலாம். வண்டியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். ஒருமுறை ஏறுவதால் பிஸ்டன் உடையாது என்று புத்தகம் சொல்கிறது.

"நானே ஓட்டறேன், குடு," என்றார்.

"நாளையிலிருந்து ஓட்டுங்கப்பா. இன்னிக்கு மட்டும் நான்."

மருதமலைச் சாலை. இரண்டாவது வளைவு. மிதித்தேன். கொத்தமல்லி. இன்னும் மிதித்தேன். கொத்தமல்லி இல்லை, கூழாங்கல். அப்பா சாலையைப் பார்க்கவில்லை. புதுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வளைவில்,

"ஓரங்கட்டு சாமி," என்றார்.

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். குரங்கு ஒன்று பானெட்டின் மேல் ஏறி உட்கார்ந்தது. சூடு தாங்காமல் உடனே இறங்கியது.

"எவ்வளவு நேரமாத் தட்டுது?"

"கேட்டுதுங்களாப்பா?" என் குரல் கொஞ்சம் அதிகமாகவே துள்ளியது.

"இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு ஒண்ணுங் கேக்கல. நீ ஒவ்வொருக்கா மிதிக்கறப்பவும் கன்னத்தக் கடிக்கற. பல்வலி வந்தவளாட்டம். போனதடவ வந்தப்ப கறுப்புக் கண்ணாடி, உன்ற மூஞ்சி எனக்குத் தெரியல. இன்னிக்குத் தெரிஞ்சுது."

நான் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். முதல் ஞாயிறு, பைக் ஹாரன், இரண்டு தலையசைப்பு, இரண்டாம் முறை வேண்டுமென்றே, குக்கர், டம்ளர். கடைசியில் கணபதி.

அப்பா ஜன்னல் வழியே குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பினார். கண்கள் ஈரமாக இருந்தன. சொட்டு மருந்து இன்னும் விடுவதால் இருக்கலாம்.

"காது போனது போகட்டும். என்ற வண்டிக்கு ஒரு மாசமாத் தொண்ணூத்தொண்ணா போட்ட?"

"ஆமாங்கப்பா."

"நா அதப் பட்டுன்னு சொன்னனா?"

"வெண்ணெய்னும் சொன்னீங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். அவர் முதலில் நிறுத்தினார்.

"ஒரு வருசமாவே கொஞ்சம் கொஞ்சமாக் கொறஞ்சுட்டு வந்துது. பட்டறைய எதுக்கு மூடுனேன்னு நெனச்ச?"

பட்டறையை வயதாகிவிட்டதால் மூடினார் என்று நினைத்திருந்தேன். கார் வாங்குவதற்காக என்று அம்மா நினைத்திருந்தாள்.

மார்ச் 16, திங்கள்

விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் போனேன். அப்பா என்ன செய்யப்போகிறார் என்று எனக்கும் தெரியாது.

ஷெட்டில் நாற்பது மோட்டார்கள் வரிசையாக. ஆறுச்சாமி மாமா, வேலையாட்கள், பக்கத்துப் பட்டறைக்காரர்கள் நால்வர். முதல் மோட்டாரை ஓடவிட்டார்கள். மாமா திருப்புளியை நீட்டினார். அப்பா வாங்கினார். கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் கன்னத்தைக் கடிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன்.

"மாப்ள, எனக்குக் காது கேக்கறதில்ல!" என்றார்.

மோட்டார் சத்தத்தை மீறி, ஷெட்டின் கூரை அதிர்கிற மாதிரி வந்தது. யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள்.

"அதுக்கெதுக்குய்யா இப்பிடிக் கத்தற?" என்றார் மாமா. "எனக்கு நல்லாத்தான் கேக்குது."

ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு மாமாவே சிரித்தார். பிறகு மாமா திரும்பிக்கொண்டு, தோளில் இருந்த துண்டால் முகத்தை ரொம்ப நேரம் துடைத்தார்.

எந்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள். மதியம் வரை ஆயிற்று. இரண்டு மோட்டார்கள் தேறவில்லை. அப்பா அந்த இரண்டில் ஒன்றை மறுபடி ஓடச் சொல்லி, திருப்புளியை வைத்து, கண்ணை மூடிக் கேட்டார்.

"எனக்கு இது நல்லாத்தான் இருக்குது," என்றார், யாரிடமும் இல்லாமல்.

மார்ச் 18, புதன்

காது மருத்துவமனை. சோதனை அறை என்பது கண்ணாடிச் சன்னல் வைத்த சின்னப் பெட்டி. அப்பாவை உள்ளே உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வெளியே ஒரு பெண் எந்திரத்தில் சத்தங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். அப்பா அழுத்தும்போதெல்லாம் எந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

எரிந்துகொண்டே இருந்தது.

"உங்கப்பாவுக்குக் காது பரவால்லீங்களே," என்றார் அந்தப் பெண், ஆச்சரியத்தோடு. இன்னும் மெல்லிய சத்தம் ஒன்றை அனுப்பினார். பச்சை.

நான் நிமிர்ந்து பார்த்தேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் அப்பா, கண் கொட்டாமல், புதுக் கண்ணாடி வழியாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் விரல் பொத்தானைத் தொடும்போதெல்லாம் நான் என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா அதைப் பார்த்து அழுத்திக்கொண்டிருந்தார்.

ஒரு கணம் அப்படியே நின்றிருக்கலாம் என்று தோன்றியது. இன்னும் நாலு பச்சை விளக்கு. எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

நான் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.

பச்சை விளக்கு அதன்பின் வெகுநேரம் எரியவில்லை என்று அந்தப் பெண் பிறகு சொன்னார்.

சோதனை முடிந்து அப்பா வெளியே வந்தார். கையில் கோடு கோடாக இறங்கும் வரைபடம். கூடத்தில் டோக்கனுக்கு இருபது பேர் காத்திருந்தார்கள்.

"நீ எதுக்குத் திரும்புன?" என்று கேட்டார். கூடம் முழுக்கக் கேட்டது.

மெதுவாகப் பதில் சொன்னேன். காதை என் பக்கம் சாய்த்தார். கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "ஆ?" என்றார். தலையசைத்துவிட்டுப் போக வழியில்லாத கேள்வி அது.

"இதுக்கு மேல என்னால பொய் சொல்ல முடியாதுங்கப்பா!" என்று கத்தினேன்.

இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.